பெயரை மீட்ட பெருந்தகை அயோத்திதாசப் பண்டிதர்

மனிதன் பிறந்தவுடன் பெறும் முதற்செல்வம் அவன் பெயர். பொன்னும் பொருளும் பின்னர் வரலாம்; வாராமலும் போகலாம். பெயரோ தொட்டிலில் வந்து சேர்ந்து, இறந்த பின்னும் நிற்கிறது. ஆயினும் நம் முன்னோர் இரண்டு பெயர்களைச் சுமந்தனர். பெற்றோர் அன்போடு இட்ட பெயர் ஒன்று. ஊரார் இழிவோடு இட்ட பெயர் மற்றொன்று. முன்னது வீட்டுக்குள்ளே நின்றது. பின்னது தெருவிலும், ஏட்டிலும், அரசாங்கக் கணக்கிலும் ஏறியது. இந்த இரண்டாம் பெயரை ஏற்க மறுத்து, நெடுங்காலம் போராடிய ஒரு பெருந்தகையின் வாழ்க்கையை இவ்வெள்ளிவிழா மலரில் நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நாம் வாழும் திருமழிசைக்கே பெயர் குறித்த ஒரு பழங்கதை உண்டு. நம் ஊரில் தோன்றிய ஆழ்வாரை உலகம் திருமழிசையாழ்வார் என்று ஊர்ப் பெயராலேயே அறியும். முனிவர் குலத்தில் பிறந்த அவரைப் பிரம்பறுத்துப் பிழைத்த திருவாளன் என்பவர் எடுத்து வளர்த்தார் என்பது வைணவ மரபு. பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்தோர், இழிகுலத்தான் எனக் கருதி, அவரைக் கண்டதும் ஓதுவதை நிறுத்தினர் என்றும், பின்னர் விட்ட இடம் நினைவுக்கு வாராமல் திகைத்தனர் என்றும் அம்மரபு கூறும். ஓதலை நிறுத்தியவர் எவர் பெயரும் இன்று எவர்க்கும் தெரியாது. எவரைக் கண்டு நிறுத்தினரோ, அவர் பெயரும் அவர் ஊரின் பெயரும் நிலைத்துவிட்டன. இக்கதையை மனத்தில் இருத்திக்கொண்டு பண்டிதரின் வரலாற்றுக்குள் செல்வோம்.

பிறப்பும் கல்வியும்

அயோத்திதாசப் பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். கிராமத்து எளிய மக்கள் கைதொழும் தெய்வத்தின் பெயர் அது.

அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் சமையற் பணி புரிந்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடியார் முதலியவற்றின் ஓலைச்சுவடிகளை ஆரிங்டனிடம் அளித்தார் என்றும், அவை எல்லீசுத் துரையின் கைக்குச் சென்று அச்சேற உதவின என்றும் பண்டிதரே எழுதி வைத்துள்ளார். இச்செய்தியை இளைஞர்கள் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்தறிவுக்கு உரியரல்லர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் பரணில் திருக்குறள் இருந்தது! அடுப்படியில் நின்றவரின் கையிலிருந்து அது அறிஞர் உலகத்துக்குச் சென்றது. நம் முன்னோர் கல்லாதவர் என்று கூறுவோர்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

சிறுவன் காத்தவராயன் தமிழ் இலக்கண இலக்கியங்களையும் சித்த மருத்துவத்தையும் முறையாகக் கற்றான். ஆங்கிலம், வடமொழி, பாலி ஆகியவற்றிலும் பின்னர்ப் பயிற்சி பெற்றான். கற்பித்த ஆசிரியருள் வல்லக்காளத்தி வீ. அயோத்திதாசக் கவிராச பண்டிதர் ஒருவர். அவர்பால் கொண்ட பெருமதிப்பினால் மாணவர் தம் பெயரை நீக்கிவிட்டு ஆசிரியர் பெயரையே தம் பெயராக ஏற்றார். காத்தவராயன் அயோத்திதாசர் ஆனார்.

இச்செயலின் அருமையை நாம் உணர்தல் வேண்டும். அக்காலத்தில் பெயருக்குப் பின்னால் வருவது பிறப்பைக் காட்டிற்று. ஐயர் என்றும், முதலியார் என்றும், பிள்ளை என்றும், நாயுடு என்றும் அது ஒலித்தது. நம்மவர் பெயருக்குப் பின்னால் அத்தகைய மதிப்புச் சொல் எதுவும் வர ஊர் ஒப்பவில்லை. அந்நிலையில் இவ்விளைஞர் பிறப்பைக் காட்டும் வாலைத் தேடவில்லை. கல்வி கொடுத்தவரின் பெயரை எடுத்துத் தம் தலைமேல் சூடிக்கொண்டார். அதற்குப் பின்னால் நின்ற பண்டிதர் என்ற சொல்லும் படிப்பினாலும் மருத்துவத் தொழிலினாலும் வந்தது, பிறப்பினால் வந்ததன்று.

நீலகிரியிலிருந்து எழுந்த குரல்

பண்டிதர் நீலகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே 1870க்குப் பிறகு அத்வைதானந்த சபை என்ற அமைப்பை நடத்தினார். தொடக்கத்தில் வைணவமும் அத்வைதமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தன. 1885ஆம் ஆண்டு அருள்திரு ஜான் ரத்தினம் அவர்களோடு இணைந்து திராவிட பாண்டியன் என்ற இதழை நடத்தினார். 1886இல், ஒடுக்கப்பட்ட மக்கள் இந்துக்கள் அல்லர் என்ற தம் கருத்தை வெளிப்படையாக அறிவித்தார்.

1891ஆம் ஆண்டு திராவிட மகாஜன சபையை நிறுவினார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் உதகமண்டலத்தில் மாநாடு கூடி, பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. அவ்வாண்டுக் குடிக்கணக்கு நடந்தபோது, நம் மக்கள் தம்மைச் சாதிபேதமற்ற திராவிடர் எனப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பண்டிதர் வற்புறுத்தினார். ஏட்டில் ஒரு சொல்லை மாற்றுவதனால் வயிறு நிறையுமா என்று வினவுவோர் அன்றும் இருந்திருப்பர். ஆனால் ஆங்கில அரசு ஒவ்வொரு குடியையும் எண்ணி, பெயரிட்டு, தரம் பிரித்து எழுதிய காலம் அது. ஏட்டில் ஏறிய பெயரே பள்ளியிலும் நீதிமன்றத்திலும் நிலப்பதிவிலும் பேசிற்று. அதனால்தான் பண்டிதர் ஏட்டின் வாயிலிலேயே நின்று தடுத்தார்.

இதே 1891ஆம் ஆண்டில் நம் திருமழிசையையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மை, அடிமை வேலை, கடன், குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்மை ஆகிய கொடுமைகளை அவ்வறிக்கை அரசின் கண்முன் நிறுத்தியது. அதன் பயனாகவே 1892இல் பஞ்சமி நிலம் என்று இன்று நாம் கூறும் நிலங்களை ஒதுக்கும் ஆணை பிறந்தது. நம் பாட்டன்மார் உழுத வயல்களைப் பார்த்து எழுதப்பட்ட அறிக்கை அது என்பதை இவ்வூர் இளைஞர்கள் மறத்தலாகாது.

நகர மண்டபத்தில் ஒரு நாள்

1892ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் சென்னை மகாஜன சபையின் கூட்டம் நடைபெற்றது. நீலகிரியின் சார்பில் பண்டிதர் கலந்துகொண்டார். சிவன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் நம்மவர் ஏன் நுழைதலாகாது என்று அவர் எழுந்து கேட்டார். அவையில் சினம் மூண்டது. தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவநாம சாஸ்திரி என்பவர், உங்கள் குலத்துக்கு மதுரை வீரனும், காட்டேரியும், கருப்பண்ணனும் உள்ளனரே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவரல்லர் என்ற பொருள்பட விடை கூறினார்.

பண்டிதர் பணியவில்லை. அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா என்று கூறிவிட்டு, நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், நம் மக்களுக்குத் தரிசு நிலமும் வேண்டும் என்று கேட்டார். கோயிலைக் கேட்டபோது கொதித்த அவை, பள்ளிக்கும் நிலத்துக்கும் இசைந்தது.

பண்டிதரின் வாழ்க்கையை இரண்டாகப் பகுக்கும் நாள் இதுவே என்பது நம் கருத்து. மக்களுக்குப் பெயர் இட்டவர்கள் அவர்களுடைய தெய்வங்களுக்கும் தரம் இட்டிருந்தனர் என்பது அவைநடுவே வெளிப்பட்டது. காத்தவராயன் என்று தெய்வப் பெயர் தாங்கிப் பிறந்தவர் அந்த அவையில் நின்று அதனைக் கேட்டார் என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும். அங்கே அவர் கேட்டுப் பெற முயன்ற முதற்பொருள் கல்வி.

பௌத்தமும் பள்ளியும்

கர்னல் ஆல்காட் அடையாற்றுக்கு அருகில் 1894ஆம் ஆண்டு நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பின்னர் அத்தகைய பள்ளிகள் சென்னையின் வேறு பகுதிகளிலும் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளி திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. இம்முயற்சிக்குப் பண்டிதர் உறுதுணையாக நின்றார்.

1898ஆம் ஆண்டு ஆல்காட்டுடன் பண்டிதர் இலங்கை சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றார். அவ்வாண்டே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவாயிற்று. பேராசிரியர் இலட்சுமி நரசு, சிங்காரவேலர் முதலிய அறிஞர்களும் அக்காலப் பௌத்தப் பணிகளில் பங்குகொண்டனர். கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடமெல்லாம் சங்கத்தின் கிளைகள் பரவின. அண்ணல் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு நாகபுரியில் பௌத்தம் ஏற்பதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தில் அவ்வழி திறக்கப்பட்டுவிட்டது.

பண்டிதரின் பிள்ளைகளின் பெயர்களிலேயே இம்மாற்றத்தைக் காணலாம். மகன் பட்டாபிராமன், மகள் மாயாதேவி. முன்னது இராமபிரானின் பெயர். பின்னது புத்தர் பெருமானைப் பெற்ற தாயின் பெயர். எனினும் தம் பெயரைப் பண்டிதர் மீண்டும் மாற்றவில்லை. அயோத்திதாசர் என்பது வைணவம் கமழும் பெயரேயாயினும், ஆசிரியரின் பெயர் என்பதனால் இறுதிவரை அதனையே தாங்கினார்.

தமிழன் இதழும் பெயர் ஆராய்ச்சியும்

1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழ் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் தமிழன் என்று பெயர் சுருங்கிற்று. இதழின் பெயரைக் கவனியுங்கள். தமிழன் யார் என்ற வினாவுக்குத் தம் மக்களையே விடையாக நிறுத்தினார் பண்டிதர். விலையையும் ஏழை கொடுக்கக்கூடிய அளவில் வைத்து, அதனையே பெயரிலும் பொறித்தார்.

அவ்விதழில் அவர் ஓயாது ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று பெயர்களின் பிறப்பு. சாதிப் பெயர்கள் கடவுள் படைத்தவையல்ல. தொழிலாலும் பதவியாலும் வழங்கிய சொற்களே பின்னாளில் பிறப்பைக் குறிக்கும் சொற்களாக இறுகின என்று அவர் வாதிட்டார். நம்மவரின் முன்னோர் பௌத்தர். பௌத்தம் வீழ்ந்தபோது, வேடதாரிகளின் பொய்யை ஊரறியப் பறைந்தவர், அதாவது சொன்னவர், பறையர் எனப் பெயரிடப்பட்டு இழிக்கப்பட்டனர் என்று விளக்கம் தந்தார். இவ்விளக்கத்தை ஆய்வாளர் அனைவரும் ஏற்றிலர். பறை என்னும் இசைக்கருவியிலிருந்து அப்பெயர் வந்தது என்போர் பலர். புறநானூற்றுப் பாடல் ஒன்று பறையன் என்னும் குடியைப் பாணன், துடியன், கடம்பன் என்னும் குடிகளுடன் சேர்த்துப் பெருமையாகவே கூறுகிறது. எவ்விளக்கம் சரியாயினும் பண்டிதர் காட்ட விரும்பிய உண்மை மாறவில்லை: இழிவு பெயரில் பிறக்கவில்லை, பிறர் அதனைப் பெயரின்மேல் ஏற்றினர். ஆங்கில மொழியோ அப்பெயரைக் கடன்பெற்று, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகெங்கும் வழங்கிற்று.

பண்டிதரின் கருத்தை அவர் உறவினரே ஏற்கவில்லை என்பதையும் கூறவேண்டும். பண்டிதரின் மனைவியார் தனலட்சுமி அம்மையார், தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் உடன்பிறந்தார். சீனிவாசனார் 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவி, 1893இல் பறையன் என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். நாம் நாணி ஒளியும் வரை அப்பெயர் இழிவாகவே நிற்கும், தலைநிமிர்ந்து அதனைச் சொன்னால் இழிவு அகலும் என்பது அவர் கொள்கை. பிறர் இட்ட இழிபெயரை நாமே எழுதுதல் கூடாது என்பது பண்டிதர் கொள்கை. மைத்துனர் இருவர், வழிகள் இரண்டு, நோக்கம் ஒன்று. இன்றும் நம் இளைஞர்களிடையே இவ்விரு வழிகளும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒருவர் மற்றவரைப் பகைவராகக் கருத வேண்டுவதில்லை.

பண்டிதரிடம் குறை இல்லையோ எனில், உண்டு. பஞ்சமர் என்ற பொதுப்பெயரை அவர் மறுத்தபோது, நம்மைப் போலவே ஒடுக்கப்பட்ட வேறு சில மக்களோடு நம்மைச் சேர்த்தெண்ணுவதை விரும்பாத குரலும் அதில் கலந்திருந்தது. இதனை மறைத்தல் நேர்மையன்று. தமக்கு இடப்பட்ட இழிபெயரை வெறுத்தவர், பிறர்க்கு இடப்பட்ட இழிபெயரையும் அதே அளவில் வெறுத்திருத்தல் வேண்டும். அவர் விட்ட அவ்விடத்தை நிறைவு செய்வது நம் கடமை.

1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது, சாதி கூறாது பௌத்தர் என்று பதியுமாறு மக்களை வேண்டினார். 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அவர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சில காலம் இதழைத் தொடர்ந்தார். பின்னாளில் கோலார் தங்கவயலில் பெரியவர் ஜி. அப்பாத்துரையார் தமிழன் இதழுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

மறைவுக்குப் பின்

நம் பிள்ளைகளின் சான்றிதழில் ஆதி திராவிடர் என்று காண்கிறோமே, அச்சொல் அரசு ஏட்டில் ஏறிய வரலாறு இதன் தொடர்ச்சியே. பரங்கிமலையில் பிறந்த பெருந்தலைவர் எம். சி. ராஜா 1922ஆம் ஆண்டு சனவரியில் சென்னைச் சட்டமன்றத்தில், பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதி திராவிடர் என வழங்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவ்வாண்டு மார்ச்சில் அரசாணை பிறந்தது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பலர் தம் பெயரின் பின்னிருந்த சாதிப் பட்டத்தைத் துறந்தனர். இன்று தமிழ்நாட்டில் தந்தையின் பெயரெழுத்தை முன்னே இட்டு எழுதும் வழக்கம் பெருகி, பெயரைக் கேட்டவுடன் சாதி அறிய இயலாமற் போனதற்கு அத்தகைய முயற்சிகளும் காரணம்.

பிற நாடுகளில் இந்நிலை எளிதில் வரவில்லை. நேபாளத்தில் 1854ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் அனைவரையும் சாதிப்படியாக வரிசைப்படுத்தியது. அங்கே குடும்பப் பெயரே இன்றும் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. கொல்லுத் தொழில் செய்தோர் விசுவகர்மா என்றும், தையலும் இசையும் தொழிலாகக் கொண்டோர் பரியார் என்றும் எழுதுகின்றனர். பழைய இழிபெயரை விடுத்து இப்பெயர்களை ஏற்றும், கேட்பவர் பிறப்பைக் கண்டுகொள்கின்றனர். ஒடுக்கப்பட்டோர் சிலர் நேபாளி என்று நாட்டின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டனர். நம் பண்டிதர் தமிழன் என்றும் திராவிடர் என்றும் எழுதியதற்கும் இதற்கும் எத்துணை ஒற்றுமை! எங்கே ஒருவனைச் சிறு பெயரில் அடைக்கிறார்களோ, அங்கே அவன் ஆகப் பெரிய பெயரைத் தேடுகிறான்.

நாம் கற்கும் பாடம்

பெயரை மாற்றினால் இழிவு நீங்குமா? வரலாறு தரும் விடை கசப்பானது. பஞ்சமர் என்ற சொல் வந்தது, அதுவும் இழிந்தது. ஆங்கிலத்திலிருந்து வந்த காலனி என்னும் சொல் குடியிருப்பு என்ற பொருள் மட்டுமே உடையது; நம் தெருக்களுக்கு வழங்கியதும் அதுவும் வசைபோல் ஒலித்தது. அதனை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது. நிலை மாறாமல் பெயர் மட்டும் மாறினால், பழைய அழுக்கு புதிய பெயரின்மேலும் படிகிறது. நிலை மட்டும் மாறிப் பெயர் மாறாவிடினோ, பட்டம் பெற்ற பின்னும் ஒருவன் தன் தெருவின் பெயரைச் சொல்லக் கூசுகிறான்.

பண்டிதர் இதனை நன்கு அறிந்திருந்தார். அதனால்தான் ஒரு கையால் குடிக்கணக்கின் ஏட்டைத் திருத்தினார்; மறு கையால் பள்ளியையும் அச்சகத்தையும் தாங்கினார். அவர் பெயர் இன்று தாம்பரம் தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்குச் சூட்டப்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டு நடுவண் அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 2023இல் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபமும் சிலையும் எழுந்தன. ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயரை அத்துணை உயரத்துக்கு அவர் கொண்டு சென்றார்.

இளைஞர்களே! படிவத்தில் சாதி எழுதும் கட்டத்தின் முன் உங்கள் எழுதுகோல் ஒரு கணம் தயங்குவதை நாம் அறிவோம். தயங்க வேண்டா. அது உங்கள் உரிமைக்காக எழுதப்படுவது. உங்கள் இழிவுக்காக அன்று. அதற்கு மேலேயுள்ள கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அதற்குப் பின்னால் எதைச் சேர்ப்பது என்பது உங்கள் கையில் உள்ளது. பண்டிதர் கல்வியைச் சேர்த்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் மாலை வகுப்பிலும் நூலகத்திலும் உங்களுக்குத் தர முயல்வதும் அதுவே.

இம்மலரைப் படித்து முடித்தபின், உங்கள் பாட்டன் பாட்டியின் இயற்பெயர்களைக் கேட்டறிந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஊரார் அவர்களை அழைத்த பெயர்களை அன்று; அவர்களைப் பெற்றோர் அழைத்த பெயர்களை. மீட்கும் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.

வாழ்க பண்டிதர் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!